ஊசியால் வரைதல்: முத்துக்கரைப் பெண்களின் கைத்தொழிலும் நம் மரபும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, மதரஸா முடிந்து பிள்ளைகள் கலைந்த பின், மாணவி ஒருத்தியின் தாயார் வாசலில் தயங்கி நின்றார். கையில் இருந்த துணிச்சுருளை விரித்துக் காட்டினார். வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பு நூலால் ஒரு கடற்கரை வரையப்பட்டிருந்தது. கரையேறிய வள்ளம், அதன் பின்னே பள்ளிவாசலின் மினாரா, ஓரத்தில் இரண்டு பனைகள். தூரத்தில் நின்று பார்த்தால் பென்சில் கோடுகள் போலிருந்தன. தொட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு கோடும் தையல் என்பது தெரிந்தது.

"ஹஜ்ரத், இவளுடைய லாத்தா உம்மும்மாவின் பழைய மிஷினில் வரைந்தது. இது வீண் வேலை என்று அவள் வாப்பா சொல்கிறார்கள். மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

இதில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, இது ஆகுமானதா? மற்றொன்று, இது வீணானதா? முதற்கேள்விக்கு அன்றே சுருக்கமாக விடை கூறினோம். இரண்டாவது கேள்வி நம்மை விடவில்லை. தையலும் கோடும் இயந்திரமும் எங்கே சந்தித்தன என்று தேடியபோது, நம் கரையையும் நம் மரபையும் தொட்டுச் செல்லும் ஒரு நீண்ட வரலாறு தென்பட்டது. அதனை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தையற்காரர் இல்லாத நாடு

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ நம் கடற்கரை வழியே சென்றார். அரபு வணிகர்கள் ‘மஅபர்’ என்றழைத்த இந்நாட்டைப் பற்றி அவர் எழுதியவற்றுள் வேடிக்கையான குறிப்பொன்று உண்டு. இந்நாடு முழுவதிலும் ஆடையை வெட்டித் தைக்கும் தையற்காரர் ஒருவரும் இல்லை என்கிறார். தறியிலிருந்து இறங்கிய துணியை அப்படியே உடுத்தும் மக்களுக்குத் தையற்காரர் எதற்கு? அரசரும் அப்படியே இருந்தார். ஆனால் அவர் கழுத்தில் 104 பெரிய முத்துகளும் மாணிக்கங்களும் கோத்த பட்டுநூல் தொங்கியது என்றும் அதே பயணி எழுதுகிறார். ஆக, துணியைத் தைக்காத கரையில் நூலுக்கு வேலை இருந்தது. அது முத்தைக் கோக்கும் வேலை.

அவர் ‘காயல்’ என்று குறிப்பிடும் துறைமுகம் தாமிரபரணியின் கழிமுகத்தை ஒட்டி இருந்தது. இன்றைய பழையகாயல் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த மரக்கலங்கள் இங்கே நங்கூரமிட்டன. தைத்த அங்கியும் தொப்பியும் அணிந்த வணிகர்கள் அக்கலங்களில் வந்திறங்கினர். தைக்காத ஆடை குறைவுடையது என்று நாம் எண்ணிவிட வேண்டாம். இஹ்ராம் அணிந்து இறையில்லத்தின் முன் நின்ற ஹாஜிகளுக்கு அதன் மேன்மை தெரியும். தையல் என்பது இக்கரைக்குக் கடல்வழி உறவுகளோடு சேர்ந்து பெருகிய ஒரு கலை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

அதே மார்க்கோ போலோ குஜராத்தைப் பற்றி எழுதும்போது, சிவப்பும் நீலமுமான தோல் விரிப்புகளில் பொன், வெள்ளி இழைகளால் பறவைகளையும் விலங்குகளையும் தைத்திருந்ததை வியந்து பாராட்டுகிறார். முஸ்லிம்கள் அவற்றை விரித்துத் துயில்வார்கள் என்றும் சொல்கிறார். தையல் இயந்திரத்தின் வேரைத் தேடுபவர்கள் அந்தத் தோல் தையலிலிருந்தே தொடங்க வேண்டும்.

தோல் தைத்த ஊசி இயந்திரமானது

குஜராத்திலும் கட்ச் பகுதியிலும் தோல் வேலை செய்த மோச்சி சமூகத்தார் ‘ஆரி’ என்னும் கொக்கி ஊசியைக் கையாண்டனர். துணிக்கு அடியிலிருந்து நூலைக் கொக்கியால் இழுத்து, ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை மாட்டிச் செல்லும் சங்கிலித் தையல் அது. தோலில் பழகிய கை பட்டுத்துணிக்கு மாறியபோது ஊசி எழுதுகோலாயிற்று. கொடி, மலர், இலை என எந்த வளைவையும் விட்டுவிடாமல் தொடர்ந்து வரையும் கோடு பிறந்தது. இன்று நம் ஊர்களில் மணப்பெண்ணின் ரவிக்கைக்கு ‘ஆரி வொர்க்’ என்று ஆயிரக்கணக்கில் கொடுத்துச் செய்விப்பது இதே தையலைத்தான்.

இத்தையல் கீழ்த்திசையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று 18ஆம் நூற்றாண்டில் அங்கே பெருவழக்காயிற்று. மத்தளம் போன்ற வட்டச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டியதால், மத்தளத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லால் ‘தம்பூர்’ என்று அதை அழைத்தனர். பிரான்சு நாட்டின் ஏழைத் தையற்காரரான பார்த்தெலமி திமோனியே, அந்தக் கொக்கி ஊசியின் அசைவைப் பார்த்து அதையே மரத்தால் ஆன ஒரு பொறியாக்கினார். 1830இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நடைமுறையில் தொழிலுக்குப் பயன்பட்ட முதல் தையல் இயந்திரம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சுட்டுவது இதனையே. பாரிஸ் நகரில் இராணுவ உடைகள் தைக்க 80 இயந்திரங்களை அவர் நிறுத்தினார். பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் திரண்டு வந்து அவற்றை உடைத்தெறிந்தனர். 1857இல் அவர் வறுமையிலேயே இறந்தார்.

இதில் நாம் பெறும் செய்தி ஒன்றுண்டு. துணியை ஒட்டும் தையலைப் பார்த்து அந்தப் பொறி உருவாகவில்லை. துணியில் வரையும் தையலைப் பார்த்தே உருவாயிற்று. ஆகவே தையல் இயந்திரத்தில் ஒரு பெண் படம் வரைந்தால், அவள் அதனைத் தகாத வேலைக்குப் பயன்படுத்துவதாக யாரும் கருத வேண்டியதில்லை. அது பிறந்த வீட்டுக்கே அதனைத் திரும்ப அழைத்துச் செல்கிறாள்.

பின்னர் அமெரிக்காவில் 1846இல் எலையஸ் ஹோவ், மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையலுக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கரின் இயந்திரம் வந்தது. 1854இல் ஆலன் வில்சன், ஊசிக்கு அடியில் துணியைத் தானே முன்தள்ளும் பற்களை அமைத்தார். அதன்பின் இயந்திரம் நேர்கோட்டில் விரைந்து ஓடியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சிங்கர் இயந்திரங்கள் இந்தியக் கடைத்தெருக்களில் அமர்ந்துவிட்டன. 1930களில் கல்கத்தாவில் உஷா இயந்திரம் தயாராகத் தொடங்கியது. இயந்திரங்களை எளிதில் ஏற்காத காந்தியடிகளும் 1924இல் ஓர் உரையாடலில் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தார்.

கை நகர, ஊசி நிற்கும்

இயந்திரத்தில் வரைவது எப்படி என்பதை அறியாதவர்கள், பொத்தானை அழுத்தினால் பூ விழும் என்று எண்ணுகிறார்கள். கணினியால் ஓடும் எம்பிராய்டரி இயந்திரம் அவ்வாறு செய்யும். உம்மும்மாவின் காலால் மிதிக்கும் இயந்திரம் செய்யாது.

வரைபவள் முதலில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிடுகிறாள். துணியை முன்தள்ளும் பற்களைத் தாழ்த்துகிறாள், அல்லது ஒரு தகட்டால் மூடுகிறாள். அதாவது 1854இல் சேர்ந்த வசதியையே நீக்கிவிடுகிறாள். துணியை வட்டச் சட்டத்தில் விறைப்பாக மாட்டி, அடிப்பக்கம் பலகையில் படியுமாறு வைக்கிறாள். இப்போது ஊசி நின்ற இடத்திலேயே மேலும் கீழும் இயங்கும். துணியை நகர்த்துவது அவளுடைய இரு கைகள். எழுதுகோல் அசையாதிருக்க, தாளை அசைத்து எழுதுவது போன்றது அது.

காலின் வேகமும் கையின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். கை விரைந்தால் தையல் நீண்டு நூல் அறும். கை தயங்கினால் ஒரே புள்ளியில் முடிச்சு விழும். மேல்நூலை இறுக்கினால் கீழ்நூல் மேலே தலைகாட்டும். இத்தனையையும் கண்டு, வளைவையும் விடாமல், நிழலுக்குத் தையலை நெருக்கி, வெளிச்சத்துக்குத் தளர்த்தி ஒரு மினாராவை நிமிர்த்துவது பல மாதப் பயிற்சியில் வருவது. சிங்கர் நிறுவனமே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயந்திரத்தால் சித்திரத் தையல் கற்க வழிகாட்டி நூல்களை வெளியிட்டது. நம் காலத்தில் பஞ்சாபின் பட்டியாலாவைச் சேர்ந்த அருண் பஜாஜ், தையற்காரரின் மகனாகப் பிறந்து, தையல் இயந்திரத்தாலேயே பெரிய ஓவியங்களைத் தீட்டி நாடறிந்தவராகியிருக்கிறார்.

நம் கரையின் நூல்

நம் வட்டாரமும் இவ்வரலாற்றுக்கு அயலானது அன்று. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி தம் பள்ளிப் பெண்களுக்கு நூற்பின்னல் கற்பித்தார். அடிமைநிலையில் இருந்த பெண்கள் சிலர் அப்பின்னலின் வருவாயைக் கொண்டு தம்மை மீட்டுக்கொண்டதாக மிஷன் பதிவுகள் கூறுகின்றன. அவருடைய மகள் எலைசா, 1844இல் கால்டுவெல்லை மணந்து, நம் கடற்கரைக்குத் தெற்கே இடையன்குடிக்கு வந்து அதே பின்னலை அங்கும் பரப்பினார். மார்க்கம் வேறாயினும் இச்செய்தியை நாம் நினைவில் வைக்க வேண்டும். ஒரு பெண்ணின் விரலிடையே ஓடிய நூல் அவளுடைய விடுதலையின் விலையாக மாறியிருக்கிறது.

கரிசல் நிலத்துப் பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறிய காலமும் அதுவே. 1888இல் ஹார்வி சகோதரர்கள் தூத்துக்குடியில் கோரல் மில்லைத் தொடங்கினர். 1908 பிப்ரவரி இறுதியில் அவ்வாலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். சில நாள்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. ஹார்வி ஆலைகளின் வழிவந்த நிறுவனம் 1974இல், தையல் நூலுக்கு உலகப் புகழ்பெற்ற கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. ஆக, நம் கரையில் நூலுக்கும் ஒரு வரலாறு உண்டு, அந்நூலை நூற்றவர்கள் தம் உழைப்புக்கு விலை கேட்ட வரலாறும் உண்டு.

ஆனால் வீட்டுக்குள் அந்நூலை ஊசியில் கோத்தவர்களுக்கு வரலாறு எழுதப்படவில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் திருமணத்துக்குப் பின் பெண் தன் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கம் உண்டு. ஆண்கள் கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் அரபு நாடுகளுக்கும் வணிகத்துக்காகச் செல்ல, உம்மாவும் மகள்களும் பேத்திகளும் சேர்ந்து வாழும் வீடுகள் அவை. வீட்டுக்கு வீடு பெண்கள் புழங்கும் முடுக்குகள் உண்டு. நாம் அறிந்த அத்தகைய வீடுகளில், உள்ளறைச் சன்னலோரம் ஒரு தையல் இயந்திரம் இருந்தது. தலையணை உறையில் கொடி, தொட்டில் விரிப்பில் பிறை, தொப்பியின் விளிம்பில் நட்சத்திரம், முஸல்லாவின் ஓரத்தில் மிஹ்ராபின் வளைவு என அதில் வரையப்பட்டவை ஏராளம். குமரிகள் லாத்தாமாரின் தோளருகே நின்று பார்த்துப் பார்த்தே கற்றனர். அவற்றில் ஒன்றிலும் செய்தவளின் பெயர் இல்லை.

இக்கடலின் முத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 1955 முதல் 1961 வரை நடைபெற்றதே தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. மன்னர்கள் அணிந்த முத்தின் பெயர் ஏடுகளில் இருக்கிறது. மூச்சடக்கி மூழ்கியவன் பெயர் இல்லை.

எதை வரையலாம்?

அந்தத் தாயாரின் முதற்கேள்விக்கு வருவோம். துணியில் வரைதல் குறித்து நபிமொழிகள் தெளிவான வழியைக் காட்டுகின்றன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் உள்ள திரைச்சீலையொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதனைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறியது. பின்னர் அத்துணி வெட்டப்பட்டுத் தலையணையாக்கப்பட்டது. அபூஜஹ்ம் (ரலி) அன்பளித்த வேலைப்பாடுள்ள போர்வை தொழுகையில் கவனத்தை ஈர்த்ததால், அதனைத் திருப்பியனுப்பி, அவரிடமிருந்தே வேலைப்பாடற்ற எளிய போர்வையை வாங்கிவரச் செய்தார்கள். கொடுத்தவரின் மனம் நோகாதவாறு செய்த அந்த நயம் தனியே சிந்திக்கத் தக்கது.

மற்றொரு செய்தி நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து, உருவங்கள் வரையும் கைத்தொழிலே தம் பிழைப்பு என்றார். உருவம் வரைதல் குறித்த நபிமொழியின் எச்சரிக்கையை அவர்கள் சொன்னதும், வந்தவரின் முகம் வெளிறிற்று. அவரை அந்த நிலையில் விட்டுவிடாமல், செய்தே ஆகவேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு வழிகாட்டினார்கள். ஒரு கலைஞனின் பிழைப்பை அடைக்காமல், கதவைத் திருப்பி வைத்த தீர்ப்பு அது. தட்டையான உருவங்கள் பற்றி இமாம்களிடையே விரிவான கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் வள்ளத்துக்கும் மினாராவுக்கும் பனைக்கும் அலைக்கும் தடையில்லை என்பதில் ஐயமில்லை. தொழுகை விரிப்பில் மட்டும் வேலைப்பாடு குறைந்திருப்பது நலம்.

உயிருருவின்றி நூலால் எவ்வளவு வரையலாம் என்பதற்குப் புனித கஃபாவின் கிஸ்வா ஒன்றே போதும். நீண்ட காலம் எகிப்திலிருந்து வந்த அத்திரை, 1927இல் மக்காவில் தொடங்கப்பட்ட பணிமனையில் நெய்யப்பட்டது. அங்கே இந்தியக் கைவினைஞர்களும் பணிபுரிந்தனர். இன்றும் பட்டில் அது உருவாகிறது. அதன் பட்டங்களை 16 மீட்டர் நீளமுள்ள தையல் இயந்திரம் இணைக்கிறது. இறைவசனங்களையோ பொன், வெள்ளி இழைகளால் மனிதக் கைகளே தைக்கின்றன.

பரோடாவின் மன்னர் கண்டேராவ் கெய்க்வாட், முஸ்லிம் அல்லாதவராயினும், மதீனாவில் நபிகளாரின் அடக்கவிடத்துக்கு அளிப்பதற்காக 1860களில் ஒரு விரிப்பைச் செய்வித்தார். வளைகுடாவின் முத்துகள் பத்து லட்சத்துக்கும் மேல் அதில் தைக்கப்பட்டன. கொடிகளும் மலர்களுமே அதன் சித்திரம். 1870இல் அவர் இறந்ததால் அது மதீனா சென்றடையவில்லை. 2009இல் தோஹாவில் பல கோடி ரூபாய் மதிப்பில் ஏலம் போயிற்று. செய்வித்தவரின் பெயரை உலகம் அறியும். அத்தனை முத்துகளையும் ஊசியில் ஏற்றிய விரல்கள் யாருடையவை என்று எவரும் கேட்பதில்லை.

நீண்ட கை

இனி இரண்டாவது கேள்வி: இது வீணா?

இத்ரீஸ் (அலை) அவர்களே முதன்முதலில் ஊசியால் ஆடை தைத்தவர்கள் என்ற செய்தியைத் தஃப்சீர் ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அது நபிமொழி அன்று, முன்னோர் வழிவந்த அறிவிப்பே. ஆனால் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்தார்கள், காலணியைத் தாமே செப்பனிட்டார்கள் என்பது அன்னை ஆயிஷா (ரலி) வழியாக நமக்குக் கிடைத்த செய்தி. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிய இறைவன், கவசத்தின் கண்ணிகளை அளவறிந்து கோக்குமாறு கட்டளையிட்டதை ஸபஉ அத்தியாயத்தில் (34:11) ஓதுகிறோம். அங்கே வரும் ‘ஸர்து’ என்னும் அரபுச் சொல் கண்ணிகளைக் கோப்பதையும் தோலைத் தைப்பதையும் குறிக்கும். கண்ணிக்குள் கண்ணியாய்ச் செல்லும் ஆரித் தையலைக் காணும்போதெல்லாம் இவ்வசனம் நம் நினைவுக்கு வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் வாழ்வு நம்முன் நிற்கிறது. தம் துணைவியருள் நீண்ட கையுடையவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருந்தார்கள். அன்னையர் தம் கைகளை ஒருவரோடொருவர் வைத்து அளந்து பார்த்தனர். ஹிஜ்ரி 20இல் ஸைனப் (ரலி) அவர்கள் முதலில் மறைந்தபோதுதான் பொருள் விளங்கியது. அவர்கள் குட்டையான உருவம் கொண்டவர்கள். ஆயினும் தம் கையால் தோல் பதனிட்டு, தைத்து, அதன் வருவாயை ஏழைகளுக்கு ஈந்தார்கள். அந்தக் கையே நீண்ட கை.

தோல் தைத்த ஊசியிலிருந்து துணிச் சித்திரமும், அதிலிருந்து இயந்திரமும் வந்ததை மேலே கண்டோம். நம் தாய்மார் மிதித்த இயந்திரம், நம் அன்னையொருவர் கையில் கண்ணியம் பெற்ற தொழிலின் தொடர்ச்சியே. இதனை நாம் மற்றவர்களுக்காக மட்டும் எழுதவில்லை. நம் உம்மா விளிம்பில் பூவேலை செய்த தொப்பியை அணிந்தே நாம் ஓதப் போனோம். அதற்கு எத்தனை இரவுகள் ஆயின என்று ஒருநாளும் கேட்டதில்லை. ‘உம்மா சும்மா தைத்துக்கொண்டிருப்பார்கள்’ என்றே சொல்லி வந்தோம். இப்போது கேட்க அவர்கள் இல்லை.

அந்தத் தந்தையின் கவலையையும் நாம் தள்ளவில்லை. கணினி இயந்திரம் ஒரே மாதிரிப் பூவை நூற்றுக்கணக்கில் மலிவாகத் தரும் காலம் இது. பூவுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் நம் பெண்கள் தோற்றுப்போவார்கள். படிப்பு நின்றுவிடக்கூடாது, கண் கெட்டுவிடக்கூடாது, தொழுகை நேரம் தவறக்கூடாது என்ற எச்சரிக்கைகளும் நியாயமானவை. ஆனால் ஒரு பெண் தன் கையால் வரையும் கடற்கரையை எந்த இயந்திரமும் தானே வரையாது. அதற்கு அவள் ஓவியர் என்ற மதிப்பும், செலவிட்ட நேரத்துக்கேற்ற விலையும் தரப்பட வேண்டும். உறவினர் என்பதற்காக இலவசமாகக் கேட்கும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம், அந்த உழைப்பு வீட்டுக்குள் நடந்தால் விலக்கு என்று சொல்லவில்லை.

நூற்ற நூலை உறுதியான பின் பிரித்தெறிந்த பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று உடன்படிக்கைகளைப் பற்றிப் பேசும்போது திருமறை (16:92) உவமை கூறுகிறது. தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் முறுக்கேறி வந்த ஒரு கைத்தொழிலை, வீண் வேலை என்ற ஒரு சொல்லால் பிரித்தெறிய வேண்டாம்.

சென்ற வாரம் அந்தத் தாயார் மறுபடியும் துணிச்சுருளோடு வந்தார். மகளின் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் துணியின் மூலையில் தைக்கச் சொல்லியிருந்தோம். சிறிய எழுத்துகளில், சற்றே கோணலாக, தைத்திருந்தாள். அந்தப் பெயரைத் தைக்கும்போது அவள் வாப்பா அருகே நின்று விளக்கைப் பிடித்தார்களாம்.

வல்ல ரஹ்மான் நம் பெண்மக்களின் கைகளை ஈகையில் நீண்ட கைகளாக ஆக்குவானாக. அவர்களின் உழைப்பை அறியாமலே அணிந்து மகிழ்ந்த நம் அனைவரையும் மன்னிப்பானாக. ஆமீன்.